ஒத்திகை ரீச்சர்

ஆசிரியராக நான் பார்த்த வேலைகளுள் ஒன்றை எந்த நேரசூசியிலும் காண முடியாது. ஒரு தவணை முழுவதும், செவ்வாய்க்கிழமைகளில் மூன்றாம் பாடவேளையில், நான் பிள்ளை பிடிகாரனாக இருந்தேன்.

அந்த வேலையை எனக்குத் தந்தவர் பக்கத்து வகுப்பு ரீச்சர். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எங்கள் பாடசாலை இருந்தது. ஆண்டு மூன்று அவருக்கு, ஆண்டு நான்கு எனக்கு. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் நான் பின்னம் படிப்பித்தால் என் பிள்ளைகளுக்கே சரியாகக் கேட்காது. அந்தப் பக்கம் அவர் கூட்டல் படிப்பித்தால் என் பிள்ளைகளும் சேர்ந்து கூட்டுவார்கள்.

அவர் ஐந்தடி கூட இருக்கமாட்டார். ஐம்பதைத் தாண்டிய வயது. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். சேலைக்குக் கீழே விளையாட்டுச் சப்பாத்து போட்டிருப்பார். கேட்டவர்களிடம், "ஓடிக் காட்ட வேண்டி வந்தால் என்ன செய்யிறது?" என்பார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எதையும் வாயால் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. செய்து பார்க்க வேண்டும். திரும்பவும் செய்து பார்க்க வேண்டும். "பழகாத வாய்க்கு அவசரத்தில சொல் வராது, சேர்" என்று என்னிடம் எத்தனை தடவை சொன்னாரோ தெரியாது. அதனால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் அவருக்கு ஒத்திகை ரீச்சர் என்று பெயர் வைத்தார்கள். பெயர் அவர் காதுக்கும் எட்டியது. கோபிக்கவில்லை. அவர்களைக் கூப்பிட்டு, முகத்துக்கு நேரே அந்தப் பெயரைச் சொல்லிப் பழக வைத்தார்.

பாடசாலையில் தேநீர் ஊற்றும் அக்காவுக்குத் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஒருநாள் ஒத்திகை வைத்தார். அக்கா கேத்திலையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கேத்திலை ஏன் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "தேத்தண்ணி ஆறிப்போகுமே ரீச்சர்" என்றார். அந்த ஒத்திகை நான்கு தடவை நடந்தது. நான்காவது தடவை கேத்தில் உள்ளே நின்றது, அக்கா வெளியே நின்றார். ரீச்சர் கைதட்டினார்.

நான் பெண் பார்க்கப் போக ஒருநாள் லீவு கேட்க வேண்டியிருந்தது. ரீச்சர் விட்டாரா? இடைவேளையில் என்னை நிறுத்திவைத்து, முதலில் அவர் பாடசாலை அதிபரானார். நான் லீவு கேட்டேன். பிறகு அவர் பெண்ணின் தகப்பனானார். கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "தம்பி என்ன வேலை?" என்றார்.

"ரீச்சிங்" என்றேன்.

"எனக்குக் கேக்கேல்ல. மகளுக்கும் கேக்கேல்ல. அவ குசினிக்குள்ள நிக்கிறா. குசினிக்குக் கேக்கச் சொல்லுங்கோ."

குசினி அடுப்புக்கே கேட்கச் சொன்னேன். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. லீவு மட்டும் கிடைத்தது.

கொரோனாவால் மூடிய பாடசாலைகள் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்குப் பிறகு திறந்தன. அந்த முதல் கிழமையின் ஐந்து நாட்களையும் நான் மறக்கமாட்டேன். ரீச்சரின் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைப் பெரும்பாலும் அம்மாவின் போனுக்குள்தான் பார்த்திருந்தார்கள். முதல்நாள் டிலக்ஷன் என்ற பையன் வகுப்பு வாசலில் புத்தகப் பையோடு அசையாமல் நின்றான். "ஏனப்பன் வெளியில நிக்கிறாய்?" என்று ரீச்சர் கேட்டார். "நீங்கள் இன்னும் அட்மிட் பண்ணேல்ல, ரீச்சர்" என்றான். அவனுக்குப் பின்னால் ஆறு பேர் அதே காரணத்துக்காக வரிசையில் நின்றார்கள். இன்னொருவன் வெள்ளைச் சேர்ட்டும் கழுத்தில் ரையுமாக, கீழே படுக்கிற காற்சட்டையோடு வந்திருந்தான். இரண்டு வருடமாக இடுப்புக்குக் கீழே யாரும் பார்த்ததில்லை. என் வகுப்பில் ஒரு பையன் பாடம் அலுத்ததும் கொப்பியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டான். கமராவை ஓஃப் பண்ணியிருக்கிறானாம். ஒரு பிள்ளை வெகுநேரம் கையை உயர்த்தியபடி இருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"சேர், நீங்கள் மியூட்டில இருக்கிறியள்."

நான் மியூட்டில் இல்லை. என் குரலே அதுதான். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரீச்சர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அந்தக் கிழமையே இன்னொன்றும் நடந்தது. ரீச்சரின் வகுப்புப் பையன் ஒருவன் மாடிப்படியில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டான். அவன் அழவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. படியிலேயே இருந்து, இரத்தத்தைச் சொக்ஸால் ஒற்றிக்கொண்டிருந்தான். இடைவேளை முடிந்து பிள்ளைகளை எண்ணும்போதுதான் ரீச்சர் அவனைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"ஏனப்பு கத்தேல்ல?"

"அப்பா மீட்டிங்கில இருப்பார் எண்டு நினைச்சிட்டன், ரீச்சர்."

ரீச்சர் அவனுக்கு மருந்து போட்டுவிட்டு வந்து என் வகுப்பு வாசலில் நின்றார். "சேர், இதுகளுக்குக் கத்தத் தெரியேல்ல. ரெண்டு வருசமாப் பிளாட்டுக்குள்ள வாயைப் பொத்தி வச்சிருக்கினம். நாளைக்கு ஆரும் கையைப் பிடிச்சு இழுத்தாலும் இதுகள் மீட்டிங் குழம்பும் எண்டு பேசாமல்தான் போகுங்கள்" என்றார்.

பிள்ளைகளின் தற்பாதுகாப்பைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு சிறிய கைநூல் வந்திருந்தது. வேண்டாம் என்று சொல், அங்கிருந்து ஓடு, நம்பிக்கையான பெரியவரிடம் போய்ச் சொல். இவ்வளவுதான் அதன் சாரம். நாங்கள் எல்லோரும் பிள்ளைகளுக்கு அதை ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு அலுமாரிக்குள் வைத்தோம். ரீச்சர் மட்டும் செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையை அதற்கு ஒதுக்கினார்.

முதல் செவ்வாய் பிள்ளைகளை முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார். "எல்லாரும் வேண்டாம் எண்டு கத்துங்கோ பாப்பம்." பிள்ளைகள் சொன்னார்கள். சாப்பாட்டு மேசையில் இரண்டாவது இடியப்பத்தை மறுக்கிற மாதிரி இருந்தது. ரீச்சர் மூச்சை இழுத்து, தானே ஒருமுறை கத்திக் காட்டினார். மரத்திலிருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. பக்கத்துத் தொடர்மாடியில் ஒருவர் கழுத்தில் ஹெட்செட்டோடு பல்கனிக்கு ஓடிவந்தார்.

"ரீச்சர், நான் ஒஃபிஸ் மீட்டிங்கில இருக்கிறன்."

"உங்களுக்குக் கேட்டதோ?"

"கேக்காமல் என்ன?"

"நீங்கள் எத்தனையாம் மாடி?"

"நாலு."

ரீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "நாலாம் மாடிக்குக் கேட்டிருக்கு. அது நான் கத்தினது. இப்ப நீங்கள் கத்துங்கோ. அங்கிள் கேக்குதோ இல்லையோ எண்டு சொல்லுவார்."

அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் உள்ளே போயிருக்கலாம். ஆனால் போகவில்லை. இரண்டு வருடமாக அவரும் வீட்டுக்குள்தானே இருந்தார். பிள்ளைகள் கத்தியதும் கையை விரித்து, கேட்கவில்லை என்று காட்டினார். மூன்றாவது கிழமை, கேட்கிறது என்று தலையை ஆட்டினார். ஐந்தாவது கிழமை காதைப் பொத்தினார். பிள்ளைகள் துள்ளினார்கள். அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அந்த நேரத்தில் அவர் மீட்டிங் வைப்பதில்லை என்று கேள்விப்பட்டேன்.

தமிழில் மட்டும் கத்தினால் காலி வீதியில் பாதிப் பேருக்கு விளங்காது என்று ரீச்சர் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் சேர்த்தார். வேண்டாம், எப்பா, நோ. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நாற்பது பிள்ளைகள் கத்தியபோது, அந்த ஒழுங்கையில் யாரோ பொலிசுக்குப் போன் பண்ணிவிட்டார்கள். ஒரு கொன்ஸ்டபிள் வந்தார். "மொகத டீச்சர் மே சத்தே?" இது என்ன சத்தம் என்று சிங்களத்தில் கேட்டார். ரீச்சர் சிங்களத்திலேயே நிதானமாக விளங்கப்படுத்தினார். அவருக்குப் பாடம் பிடித்துப்போயிற்று. முன்வரிசையில் நின்ற சின்னப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டப் பாசத்தோடு கையை நீட்டினார். "எப்பா" என்று அது கத்தியது. கொன்ஸ்டபிள் இரண்டடி பின்னால் பாய்ந்தார். தொப்பி விழுந்தது. ரீச்சர் தொப்பியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் அவரை இன்னொரு தடவை கையை நீட்டச் சொன்னார். மற்றப் பிள்ளைகளும் பழக வேண்டுமாம்.

இனி என் வேலைக்கு வருகிறேன். கத்தப் பழகியாயிற்று, யாரைப் பார்த்துக் கத்துவது? ஒரு அந்நியர் வேண்டும். ஆண்டு மூன்றுக்கு நான் படிப்பிப்பதில்லை என்பதால் ரீச்சர் என்னைப் பிடித்தார். கறுப்புக் கண்ணாடியும் ஒரு பொட்டலம் ரொபி இனிப்பும் தந்தார். என் வகுப்புக்குக் கணக்குத்தாளைக் கொடுத்துவிட்டு நான் தடுப்பைச் சுற்றி வருவேன்.

முதல் தடவை டிலக்ஷனுக்கு முன்னால் போய் நின்றேன். "தம்பி, ரொபி வேணுமோ?"

"என்ன ரொபி, சேர்?"

"பால் ரொபி."

"ரெண்டு எடுக்கலாமோ?"

இரண்டு எடுத்தான். ஒன்றை வாயில் போட்டு நன்றாகச் சப்பிவிட்டு, ரீச்சரைத் திரும்பிப் பார்த்து, அதன் பிறகு "வேண்டாம்" என்றான்.

ரீச்சர் அவனை ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் வந்தார். "சேர், நீங்கள் பிள்ளை பிடிக்க வந்தனீங்களோ, பிறந்தநாளுக்கு வந்தனீங்களோ? கொஞ்சம் பிள்ளையள் பயப்பிடுற மாதிரி நில்லுங்கோ." அன்று மாலை எல்லோரும் போன பிறகு எனக்குத் தனி ஒத்திகை நடந்தது. கதவருகே எப்படிப் பதுங்குவது, தலையை எந்தப் பக்கம் சரிப்பது, குரலை எவ்வளவு தாழ்த்துவது. குரலைத் தாழ்த்துவதில் மட்டும் எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

கூட்டிப்போக வருகிறவர் வீட்டார்தானா என்று தெரிய, ஒவ்வொரு பிள்ளையும் வீட்டோடு ஒரு இரகசியச் சொல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவருடைய ஏற்பாடுதான். அம்மாமார் கவனமாக இருந்தார்கள். ஒருநாள் டிலக்ஷனைக் கூட்டிப்போக அவனுடைய அப்பா வந்தார். பையன் கேற்றுக்கு உள்ளே நின்று சொல்லைக் கேட்டான்.

"ஐஸ்கிறீம்?" என்றார் அப்பா. பையன் தலையை ஆட்டினான். "டைனோசர்? மாலு பாண்?" மீன் பணிசும் இல்லை. பின்னால் வான்களும் ஓட்டோக்களும் ஹோர்ன் அடித்தன. செக்கியூரிட்டிக்காரர், இது உன் அப்பாதானே என்று கேட்டார். "அப்பாதான், ஆனால் சொல் தெரியாது" என்றான். கடைசியில் அப்பா அம்மாவுக்குப் போன் பண்ணினார். அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொன்னார். கேற்றில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"எங்கட கலியாண நாள். சொல்லுங்கோ பாப்பம்."

அப்பா வானத்தைப் பார்த்தார். மாதம் சரியாக வந்தது. தேதி மூன்றாவது தடவைதான் வந்தது. ரீச்சர் வாசலில் நின்று, "பிள்ளை சரியாத்தான் செய்தவன்" என்று அவன் தலையைத் தடவினார்.

பாடத்தின் வெற்றி என் கழுத்தில் வந்து முடிந்தது. ஒரு மாலை காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றேன். ரீச்சரின் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தாயோடு எதிரே வந்தாள். நான் சிரித்தேன். மாஸ்க்குக்குப் பின்னால் சிரிப்புத் தெரியாது என்று கையையும் ஆட்டினேன். பிள்ளை "வேண்டாம், எப்பா, நோ" என்று மூன்று மொழியிலும் அலறிக்கொண்டு பக்கத்துப் புடவைக் கடைக்குள் ஓடினாள். அடுத்த நிமிடம் கடைக்காரர் இருவர் என் கொலரைப் பிடித்திருந்தார்கள். நான் ஆசிரியர் என்று சொன்னேன். அதுவும் அவர்களுக்குக் கேட்கவில்லை. தாய் ஓடிவந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். ஒருவர் மன்னிப்புக் கேட்டு எனக்கு ஒரு கைக்குட்டை தந்தார்.

மறுநாள் ரீச்சருக்குச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். எந்தச் சொல்லை முதலில் கத்தினாள், எவ்வளவு தூரம் ஓடினாள் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கையிலிருந்த ரோல்ஸைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

"பிழை விட்டிட்டன், சேர்."

"என்ன பிழை? நல்லாத்தானே கத்தினவள்."

"உங்களுக்குக் கத்தினவள். கூடாத ஆள் எண்டால் உங்களைப் போல கறுப்புக் கண்ணாடி போட்டு, ரொபியோட வருவான் எண்டு பழக்கிப்போட்டன். அப்பிடி வாறவன் எத்தினை பேர்? பிள்ளையள கரைச்சல் படுத்துறவன் கூடுதலாத் தெரிஞ்ச ஆளாத்தான் இருப்பான். வீட்டில வந்து தேத்தண்ணி குடிக்கிறவன்."

அடுத்த செவ்வாய் என் கண்ணாடி பறிக்கப்பட்டது. நான் நல்ல மாமாவானேன். வீட்டுக்கு வருகிற, எல்லோருக்கும் பிடித்த மாமா. என் வசனம் ஒன்றே ஒன்றுதான். "இது எங்கட ரெண்டு பேருக்கும் இரகசியம், அம்மாட்டச் சொல்லாத." இதைக் கேட்டால் உடனே போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும். பிறந்தநாள் கேக் பற்றிய இரகசியம் பரவாயில்லை, அது எப்படியும் வெளியில் வந்துவிடும். ஒருநாளும் வெளியில் வரக்கூடாது என்று பெரியவர் ஒருவர் சொல்கிற இரகசியத்தை வைத்திருக்கக் கூடாது. பிள்ளைகள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கிழமை வெள்ளவத்தையில் இரகசியம் என்று எதுவும் மிஞ்சவில்லை. மீட்டிங் என்று கதவைச் சாத்திக்கொண்டு அப்பா கிரிக்கெட் பார்த்தது வெளியில் வந்தது. அம்மா கடையில் வாங்கிய கட்லட்டைத் தான் பொரித்ததாக மாமிக்குச் சொன்னது, மாமிக்கு முன்னாலேயே வெளியில் வந்தது. அதிபர் மதியத்தில் நோயாளர் அறைக் கட்டிலில் நித்திரை கொள்வதைப் பார்த்த ஒரு பிள்ளை, பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னது.

டிலக்ஷனின் அப்பா அந்தக் கூட்டத்தில் எழும்பினார். "ரீச்சர், வீட்டில ஒரு கதை கதைக்கேலாமல் கிடக்கு."

"என்ன கதை எண்டு சொல்லுங்கோ, பாப்பம்" என்றார் ரீச்சர்.

அப்பா திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். அதிபர் மட்டும் சும்மா இருக்கவில்லை. மறுநாள் ரீச்சரைக் கூப்பிட்டு, இந்தப் பாடம் போதும், அடுத்த செவ்வாயிலிருந்து கணக்கு என்று சொல்லிவிட்டார். ரீச்சர் வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. அன்று தடுப்புக்கு அந்தப் பக்கம் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. என் பிள்ளைகள் முதல்முறையாக என் குரலைக் கேட்டுத் திகைத்தார்கள்.

அந்தச் செவ்வாய் இடைவேளையில் நானும் ரீச்சரும் அவருடைய மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து நின்றாள். எட்டு வயது. இரட்டைப் பின்னல். அவள் சத்தமாகக் கத்துகிறவளும் அல்ல, பின்நிற்கிறவளும் அல்ல.

"ரீச்சர், இண்டைக்கு ஒத்திகை இல்லையோ?"

"இல்லையம்மா. பெரிய சேர் போதும் எண்டுட்டார்."

"எனக்கு ஒருக்காச் செய்யோணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சேர், நீங்கள் எனக்குக் கீபோர்ட் வாசிக்கப் பழக்கிற மாஸ்டர். நீங்கள் என்னைக் கிட்ட வந்து இருக்கச் சொல்லுங்கோ. அம்மாட்டச் சொன்னால் கிளாஸை நிப்பாட்டிப்போடுவன் எண்டும் சொல்லுங்கோ. நான் வேண்டாம் எண்டு சொல்லிப் பழகோணும். நாளைக்கு கிளாஸ் இருக்கு."

எனக்கு அந்த வசனத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

ரீச்சர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். கதிரையை விட்டு இறங்கி, பிள்ளையின் உயரத்துக்குக் குந்தினார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"இதுக்கு ஒத்திகை வேண்டாமம்மா. நீ இப்ப சொல்லிப்போட்டாய். அதுதான் பெரிய வேலை, அது முடிஞ்சுது. நீ நாளைக்கு அங்க போகத் தேவையில்லை. மிச்சம் எங்கட வேலை."

"அம்மா ஏசமாட்டாவோ?"

"நான் அம்மாவோட கதைக்கிறன்."

அவர் பிள்ளையை வேறு ஒன்றும் கிண்டிக் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்க வைத்து, என் வகுப்பில் படம் கீற இருத்திவிட்டு, நேரே அதிபரிடம் போனார். நானும் பின்னால் போனேன். அதிபர் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார். வெளியில் நடக்கிற வகுப்பு, எங்களுக்கு ஏன், பிள்ளையின் பெயரும் கெட்டுப்போகும் என்று மெல்ல இழுத்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. பயந்தவர். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும், அதே பயம்தான் எனக்கும்.

"சேர், பிள்ளை உங்களிட்ட வந்து சொல்லியிருந்தால், இப்ப சொன்னதை அதுக்கும் சொல்லியிருப்பியளோ?" என்று ரீச்சர் கேட்டார்.

அதிபர் மேசையிலிருந்த போனை ரீச்சர் பக்கம் தள்ளிவைத்தார்.

தாய் அரை மணித்தியாலத்தில் வந்தார். முதலில் நம்பவில்லை. "அவர் அப்பிடியான ஆள் இல்லை ரீச்சர், பத்து வருசமாத் தெரியும். இவள் கிளாசுக்குப் போக அலுப்பில, பஞ்சியில சொல்லுறாள்" என்றார். ரீச்சர் அவரைத் திருத்தவில்லை. பிள்ளை கீறிக்கொண்டிருந்த அறையின் யன்னலருகே கூட்டிப்போய், பிள்ளை சொன்ன வசனத்தை மட்டும், ஒரு சொல் கூட்டாமல், அவள் சொன்ன மாதிரியே சொன்னார். தாய் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் பொலிசுக்கும் அன்றே அறிவித்தார்கள். ரீச்சர் தாயோடு கூடப் போய், வாக்குமூலம் முடியும்வரை பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் இருந்தார். அடுத்த கிழமை அந்தக் கீபோர்ட் வகுப்பு பூட்டியிருந்தது. பிறகு இன்னும் இரண்டு தாய்மார் பொலிசுக்குப் போனதாக அறிந்தோம். வழக்கு இன்னும் நடக்கிறது. பிள்ளை இப்போது வேறொரு இடத்தில் வயலின் பழகுகிறாள். அம்மா கதவைத் திறந்து வைத்து, பக்கத்திலேயே இருக்கிறார்.

செவ்வாய்ப் பாடம் திரும்பி வந்தது. அதிபர் தானே வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். ரீச்சரிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ரீச்சர் அவரை நல்ல மாமாவாக்கினார். "பிள்ளையள், வாங்கோ போவம்" என்றார் அதிபர். நாற்பது பிள்ளைகளும் எழும்பி, இரண்டிரண்டு பேராகக் கைகோர்த்து, அவருக்குப் பின்னால் கேற்றுவரை போய்விட்டார்கள். அதிபருக்கு வேண்டாம் சொல்லலாம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆறாவது தடவைதான் ஒரு பிள்ளை துணிந்து, "வேண்டாம் சேர்" என்றது. இருபது வருடமாக அந்தக் கட்டடத்தில் அவர் கேட்காத சொல். அவர் சற்று நின்று, "சரி பிள்ளை" என்று ஒதுங்கினார். ரீச்சர் அவருக்கும் கைதட்டினார்.

இதெல்லாம் நடந்து சில வருடங்களாகிவிட்டன. ரீச்சருக்கு இப்போது வத்தளைப் பக்கம் மாற்றம். அங்கேயும் யாரோ ஒரு சேர் நல்ல மாமாவாக அலைகிறாராம், எனக்குப் போன் பண்ணி யோசனை கேட்டார். தலையை இடப்பக்கம் சரிக்கச் சொன்னேன். ஆனால் ரீச்சரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, அவர் எங்களோடு இருந்த கடைசித் தவணையில் ஒரு சனிக்கிழமை காலை.

பிள்ளைகளுக்குச் சொல்லப் பழக்கியாயிற்று, பெரியவர்களுக்குக் கேட்கப் பழக்க வேண்டும் என்று பெற்றோரை அழைத்திருந்தார். ஆண்டு மூன்றுக் கதிரைகளில் அப்பாமார் முழங்கால் நாடியில் முட்ட இருந்தார்கள். பிள்ளையே இல்லாத நாலாம் மாடிக்காரரும் வந்திருந்தார். கரும்பலகையில் மூன்று வசனங்கள். நீ சொன்னதை நான் நம்புறன். பிழை உன்னில இல்லை. மிச்சத்தை நான் பாக்கிறன். ஒவ்வொரு பெற்றோரும் முன்னால் வந்து, தன் பிள்ளையைப் பார்த்து இதைச் சொல்ல வேண்டும். பார்த்து வாசிக்கக் கூடாது. ஒரு சொல் கூட்டவும் கூடாது.

வாசிக்க எளிதாக இருந்தது. சொல்ல முடியவில்லை. டிலக்ஷனின் அப்பா முதலில் வந்தார். "நீ சொன்னதை நான் நம்புறன். ஆனால் நீ ஏன் அங்க போனனீ?"

"பிழை" என்றது வகுப்பு முழுவதும்.

"இன்னொருக்கா" என்றார் ரீச்சர்.

"நம்புறன். ஆனால் வடிவா யோசிச்சுச் சொல்லு."

"பிழை."

ஏழு தடவை வந்தார். ஏழு தடவையும் எங்கிருந்தோ ஒரு ஆனால் வந்து விழுந்தது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ரீச்சர் அவரைப் பின்வரிசைக்கு அனுப்பிவைத்தார்.

அடுத்து அந்த இரட்டைப் பின்னல்காரியின் தாய் எழும்பினார். ரீச்சர் அவரைக் கூப்பிடவில்லை. வர வேண்டாம், வீட்டில் சொன்னால் போதும் என்று முன்னமே சொல்லியிருந்தார். அவர் தானாக வந்தார். மற்றவர்களுக்கு எதுவும் தெரியாது, ஆகையால் சிரிப்பு இன்னும் முழுதாக ஓயவில்லை. தாய் மகளுக்கு முன்னால் நின்றார்.

"நீ சொன்னதை நான் நம்புறன்."

அதோடு நின்றுவிட்டது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது. மகள் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்து அடுத்த வசனத்தை உறுதிப்படுத்திக்கொண்டு, தாயின் கையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து, காதுக்குள் சொல்லிக் கொடுத்தாள். தாய் சொன்னார். மூன்றாவதையும் மகளே எடுத்துக் கொடுத்தாள். அதையும் சொன்னார்.

பார்த்து வாசிக்கக் கூடாது என்று சட்டம். சொல்லிக் கொடுப்பது அதைவிடப் பெரிய பிழை. நான் ரீச்சரைப் பார்த்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றும் எழுதியிராத கரும்பலகை மூலையை அழித்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார். "அடுத்த ஆள் வாங்கோ."

டிலக்ஷனின் அப்பா பின்வரிசையிலிருந்து எட்டாவது தடவையாக எழுந்து வந்தார். மகனுக்கு முன்னால் நின்று, மூன்று வசனங்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இந்தத் தடவை அந்த ஆனால் வரவில்லை.